பழைய கணினிகளை அதிக விலை கேட்பவரிடமே கொடுத்துவிடலாமா? மின்னணுக் கழிவுச் சட்டங்கள் உண்மையில் எதைத் தடுக்கின்றன?

கேள்வி: கிடங்குப் பொறுப்பாளர்

எங்கள் நிறுவனத்தில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட மின்னணுப் பொருட்கள் ஒரு கிடங்கு நிறையச் சேர்ந்துவிட்டன. மேசைக் கணினிகள், பழைய குழாய் வகைத் திரைகள், தட்டைத் திரைகள், அச்சுப்பொறிகள், யுபிஎஸ் கருவிகளில் இருந்த ஈய அமில பேட்டரிகள், வீங்கிப்போன மடிக்கணினி பேட்டரிகள், குழல் விளக்குகள் என எல்லாம் கலந்து கிடக்கின்றன. அவற்றை அப்புறப்படுத்தும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ஒருவர் மொத்தத்தையும் எடைபோட்டு நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். அவர் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை, எந்த ஆவணமும் தருவதில்லை. உரிமம் பெற்ற மறுசுழற்சி நிறுவனம் ஒன்றும் இருக்கிறது. அது தரும் தொகை மிகக் குறைவு, சில பொருட்களுக்கு நாங்களே கட்டணம் செலுத்தவும் வேண்டும்.

எங்கள் நிர்வாகத்தினர் ஒரு வாதத்தை முன்வைக்கிறார்கள். யார் எடுத்துச் சென்றாலும் செம்பையும் தங்கத்தையும் பிரித்தெடுக்கத்தானே போகிறார்கள், யாரும் குப்பையில் கொட்டப்போவதில்லையே, பிறகு வருகிற தொகையை நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இந்த வாதம் தவறு என்று மனத்துக்குப் படுகிறது. எந்த இடத்தில் தவறு என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறேன். எந்தப் பொருள் எந்தக் கட்டத்தில் தீங்காக மாறுகிறது, சட்டங்கள் எதைக் கட்டுப்படுத்துகின்றன, எதைக் கைவிட்டுவிடுகின்றன என்பதை அறிந்தவர்கள் விளக்குமாறு வேண்டுகிறேன்.

பதில்: உலோகவியலாளர்

உங்கள் நிர்வாகத்தினரின் வாதத்தில் ஒரு பாதி சரியானதே. எடுத்துச் செல்பவர் அவற்றைப் பிரித்தெடுக்கத்தான் போகிறார். பிரித்தெடுப்பு என்பது எல்லா இடத்திலும் ஒரே செயல்தான் என்று எண்ணுவதில்தான் தவறு இருக்கிறது. மேசைமீது இருக்கும் கணினியின் ஈயம், பாகங்களைப் பலகையோடு ஒட்டவைக்கும் உலோகக் கலவையான பற்றாசுக்குள்ளும், குழாய்த் திரையின் ஈயம் கண்ணாடிக்குள்ளும் பூட்டப்பட்டுக் கிடக்கின்றன. அந்நிலையில் அவை யாருடைய உடலுக்குள்ளும் போவதில்லை. எரிப்பதும், உருக்குவதும், நொறுக்குவதும், அமிலத்தில் ஊறவைப்பதும்தான் அவற்றை மூச்சுக்கும் தண்ணீருக்கும் கொண்டுவந்து சேர்க்கின்றன.

மின்கம்பியை எடுத்துக்கொள்வோம். செம்பை விரைவாகப் பெறுவதற்காக மேலுறையைத் திறந்த வெளியில் எரித்துவிடுவார்கள். அந்த உறை பெரும்பாலும் பிவிசி, அதாவது குளோரின் அடங்கிய நெகிழி. போதிய வெப்பமும் காற்றும் இல்லாமல் அது எரியும்போது டையாக்சின்களும் ஃபியூரான்களும் உருவாகின்றன. கம்பியில் இருக்கும் செம்பே அந்த வேதிவினைக்கு ஊக்கியாக அமைந்துவிடுகிறது என்பதால்தான் கம்பி எரிப்பை மற்றக் குப்பை எரிப்போடு ஒன்றாக வைத்துப் பேச முடியாது. இந்த நச்சுகள் கொழுப்பில் தங்கி, உணவுச் சங்கிலியில் மேலேறுபவை. கானாவின் தலைநகரான அக்ராவில் அக்போக்புளோஷி என்ற இடத்தில் பல ஆண்டுகள் இவ்வாறு கம்பி எரிக்கப்பட்டது. அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டைகளைச் சோதித்து 2019-இல் வெளியான அறிக்கை, ஒரு முட்டையை உண்ணும் பெரியவர் குளோரின் கலந்த டையாக்சின்களுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த ஒரு நாள் வரம்பை 220 மடங்கு தாண்டிவிடுவார் என்று கணக்கிட்டது. அந்த முட்டையை உண்பவர் கம்பி எரிக்கும் தொழிலில் இருக்க வேண்டியதே இல்லை.

மின்சுற்றுப் பலகைகளின் கதை இதைவிட நீளமானது. கரி அடுப்பின்மேல் தகட்டை வைத்துப் பலகையைச் சூடாக்கினால் பற்றாசு இளகிச் சில்லுகள் கழன்று வரும். பழைய பலகைகளில் உள்ள பற்றாசின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஈயம்தான். அடுப்பருகே அமர்ந்திருப்பவர் அந்தப் புகையையும், பலகையில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கப்பட்ட புரோமின் சேர்மங்கள் சிதைந்து வரும் புகையையும் சேர்த்தே சுவாசிக்கிறார். அதன்பின் தங்க முலாம் பூசிய பகுதிகளை, தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவையான இராஜ திராவகத்திலோ சயனைடு கரைசலிலோ இட்டுத் தங்கத்தைப் பிரிக்கிறார்கள். தங்கம் போக எஞ்சும் கரைசலில் செம்பு, நிக்கல், ஈயம் எல்லாம் கரைந்திருக்கும். அதைச் செலவு செய்து நடுநிலையாக்கும் வழக்கம் அங்கே இல்லாததால் அது அப்படியே வடிகாலுக்குப் போகிறது. சீனாவின் குவாங்தோங் மாகாணத்திலுள்ள குய்யூ நகரில் இந்தத் தொழில் பரவியிருந்த காலத்தில் செய்யப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வொன்று, அங்குள்ள சிறு குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சராசரியாக 15.3 மைக்ரோகிராம் ஈயம் இருந்ததைக் கண்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இன்று கவனத்துக்குரிய எல்லையாக வைத்திருப்பது 3.5 மைக்ரோகிராம். பெரியவர்களோடு ஒப்பிட்டால் சிறு குழந்தைகளின் உடல் உட்கொண்ட ஈயத்தை 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது. அது மூளை வளரும் பருவத்தைத் தாக்குகிறது, அந்தச் சேதம் பின்னால் சரியாவதில்லை.

ஈய அமில பேட்டரிகளை நீங்கள் தனியாகக் குறிப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உங்கள் பட்டியலில் உடனடி உயிராபத்து மிகுந்தது அதுதான். செனகல் நாட்டின் தக்கார் நகருக்கு அருகே தியாரோய் என்ற குடியிருப்பில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்து வந்தார்கள். ஈயத்துகள் கலந்த மண்ணையே சலித்து விற்கும் நிலையும் ஏற்பட்டது. 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள்.

இப்போது விலைக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் நிர்வாகத்திடம் பேச வேண்டியது அதைப் பற்றித்தான். ஒரு பழைய குழாய்த் திரையில் அளவைப் பொறுத்து 1 முதல் 3 கிலோ வரை ஈயம் இருக்கலாம். அதன் செம்புச் சுருளுக்குச் சந்தை உண்டு; ஈயம் கலந்த கண்ணாடிக்குச் சந்தை இல்லை. பழைய தட்டைத் திரையின் பின்விளக்குகளிலும் குழல் விளக்கிலும் பாதரசம் இருக்கிறது; அதைப் பிடித்து அடைப்பது முழுக்க முழுக்கச் செலவு. உரிமம் பெற்ற நிறுவனம் இந்தச் செலவுகளைச் செய்துவிட்டு மிஞ்சுவதில் உங்களுக்கு விலை சொல்கிறது. மற்றவர் சுருளை வெட்டி எடுத்துக்கொண்டு கண்ணாடியை ஏதோ ஒரு பள்ளத்தில் போட்டுவிட்டு உங்களுக்கு விலை சொல்கிறார். அவர் கூடுதலாகத் தரும் தொகை உங்கள் கணினிக்கான விலையன்று. அந்தப் பள்ளத்துக்கு அருகில் குடியிருப்பவர்கள் செலுத்தப்போகும் தொகையிலிருந்து உங்களுக்குத் தரப்படும் பங்கு. இதை அறிந்தபின்னும் அதை வருமானம் என்று கணக்கில் எழுத எனக்கு மனம் வராது.

பதில்: சட்ட வாசகர்

மேலே உள்ள விளக்கத்துக்குப் பிறகு சட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மின்னணுக் கழிவு குறித்த விதிகள் மூன்று வேறு வேறு இடங்களில் குறுக்கிடுகின்றன: பொருள் தயாராகும்போது, நாட்டின் எல்லையைக் கடக்கும்போது, பயன்பாடு முடியும்போது. முதலாவதில் சட்டம் நன்றாகவே வென்றிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருட்களில் ஈயம், பாதரசம், காட்மியம், ஆறு இணைதிறன் குரோமியம், இருவகைப் புரோமின் தீத்தடுப்பான்கள் ஆகியவற்றுக்கு வரம்பு விதித்தது. உலகச் சந்தைக்குப் பொருள் செய்பவர்கள் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகச் செய்துகொண்டிருக்க முடியாது என்பதால் ஈயமற்ற பற்றாசு பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் உங்கள் கிடங்கில் இருப்பவற்றுள் பல அதற்கு முந்தையனவாக இருக்கக்கூடும்.

எல்லை கடப்பதைக் கட்டுப்படுத்துவது பேசல் உடன்படிக்கை. அது 1989-இல் ஏற்கப்பட்டு 1992-இல் நடைமுறைக்கு வந்தது. அபாயகரமான கழிவை அனுப்பும் நாடு, பெறும் நாட்டின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. வளர்ந்த நாடுகள் வளரும் நாடுகளுக்கு இத்தகைய கழிவை அனுப்பவே கூடாது என்ற திருத்தம் 1995-இல் ஏற்கப்பட்டும், நடைமுறைக்கு வர 2019 டிசம்பர் வரை ஆனது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் எத்தனை கப்பல்கள் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. அபாயமற்றது என்று சொல்லப்படும் மின்னணுக் கழிவுக்கும் முன் ஒப்புதல் தேவை என்ற விதி 2025 ஜனவரி 1 முதல்தான் நடைமுறையில் உள்ளது. அமெரிக்கா இந்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டும் இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை.

உடன்படிக்கையின் பலவீனமான இடம், எது கழிவு, எது பழைய பொருள் என்ற எல்லைக்கோடு. வேலை செய்யும் பழைய கணினியை விற்பனைக்கு அனுப்புவது வணிகம். பழுதான கணினியை அனுப்புவது கழிவுக் கடத்தல். சரக்குப் பெட்டியின் முன்வரிசையில் நல்லவற்றை அடுக்கிவிட்டால் பின்னால் இருப்பதை யார் இயக்கிப் பார்க்கப்போகிறார்கள்? நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகத்துக்கு 2015, 2016 ஆண்டுகளில் பயன்படுத்திய பொருட்கள் என்று வந்தவற்றைச் சோதித்த ஆய்வில் குறைந்தது 19 விழுக்காடு இயங்காதவை என்று தெரிந்தது.

பயன்பாடு முடிந்த பிறகான பொறுப்பு உற்பத்தியாளரையே சாரும் என்பதே இன்றைய சட்டங்களின் மையக் கருத்து. அதற்கான பணத்தை எங்கே வசூலிப்பது என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. சுவிட்சர்லாந்தில் பொருளை வாங்கும்போதே மறுசுழற்சிக் கட்டணம் சேர்த்துப் பெறப்படுகிறது. ஜப்பானில் 2001 முதல் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, குளிரூட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றைக் கைவிடும்போது பயன்படுத்தியவர் கட்டணம் செலுத்துகிறார். கைவிடும் நேரத்தில் பணம் கேட்டால் சிலர் இரவோடு இரவாக எங்கேனும் போட்டுவிட்டுப் போவார்கள் என்பதால், சுவிஸ் முறையே மனித இயல்பை அறிந்து செய்யப்பட்டது என்று கருதுகிறேன். இந்தியாவில் 2011-இல் முதல் விதிகள் வந்தன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள புதிய விதிகள் 100-க்கும் மேற்பட்ட பொருள் வகைகளை உள்ளடக்கி, உற்பத்தியாளர்கள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடமிருந்து, இவ்வளவு கழிவு மறுசுழற்சி செய்யப்பட்டது என்பதற்கான சான்றிதழ் வாங்கித் தங்கள் மறுசுழற்சி இலக்கை எட்ட வேண்டும் என்கின்றன. மொத்தமாகப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். எனவே உங்கள் கேள்வி வெறும் மனச்சாட்சிக் கேள்வி அன்று. பல நாடுகளில் ஆவணமின்றி விற்பவரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரே.

இத்தனை சட்டங்கள் இருந்தும் பலன் என்ன? உலகில் 2022-இல் உருவான மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதற்குக் கணக்கு இருப்பது 22.3 விழுக்காட்டுக்கு மட்டுமே. சட்டங்கள் எடையையும் சான்றிதழையும் எண்ணுகின்றன. பொருள் எங்கே போய் முடிந்தது என்பதைப் பின்தொடர்வதில்லை. அமெரிக்காவில் ஒரு கண்காணிப்பு அமைப்பு பழுதான கருவிகளுக்குள் சுமார் 200 இடங்காட்டிகளை ஒளித்து வைத்து மறுசுழற்சிக்கு ஒப்படைத்தபோது, அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாட்டைவிட்டு வெளியேறியது 2016-இல் தெரியவந்தது. அதே நாட்டில், எதையும் ஏற்றுமதி செய்வதில்லை என்று உறுதி கூறிவிட்டுப் பாதரசம் உள்ள தட்டைத் திரைகளை ஹாங்காங்குக்கு அனுப்பிய மறுசுழற்சி நிறுவனம் ஒன்றின் உரிமையாளர்கள் இருவருக்கு 2019-இல் 28 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் கையில் சான்றிதழ் இருந்தது.

கிடங்குப் பொறுப்பாளர்

இருவருக்கும் நன்றி. விலையைப் பற்றிய விளக்கத்தை அப்படியே நிர்வாகத்திடம் எடுத்துச் செல்கிறேன். ஆனால் இப்போது இரண்டு ஐயங்கள் எழுகின்றன. சான்றிதழ் வைத்திருப்பவரும் ஏமாற்றக்கூடும் என்றால், நான் எதை வைத்து நம்புவது? அடுத்து, பழைய பொருட்களைப் பிரித்துப் பிழைக்கும் ஏழைத் தொழிலாளர்களிடமிருந்து வேலையைப் பறித்து ஒரு பெரிய நிறுவனத்திடம் கொடுப்பதுதான் இதன் முடிவா?

பதில்: பிரிப்புத் தொழிலாளரோடு பணிபுரிபவர்

இரண்டாவது ஐயத்தை எழுப்பியதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். இந்தப் பேச்சில் பெரும்பாலோர் அதைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். கையால் பிரிக்கும் வேலை தீங்கானதே அன்று. திருப்புளியும் இடுக்கியும் கொண்டு ஒரு கணினியை உறை, கம்பி, பலகை, மின்வழங்கி என்று பிரித்துப் போடும் அனுபவமுள்ள தொழிலாளி, எல்லாவற்றையும் ஒன்றாக அரைக்கும் இயந்திரத்தைவிடத் தூய்மையாகப் பிரித்துத் தருகிறார்; அரைக்கும்போது தங்கமும் பல்லேடியமும் நெகிழித் தூளோடும் இரும்புத் தூளோடும் கலந்து வீணாகிவிடும். எரிப்பும் அமிலமும் பேட்டரி உடைப்பும்தான் அவர்கள் கையிலிருந்து விலக வேண்டியவை. பலகைகளை முழுதாக உருக்காலைக்கு அனுப்பி, அதற்கு அமிலத்தொட்டியில் கிடைப்பதைவிடக் கூடுதலான வருமானம் அவர்களுக்குக் கிடைக்கும்படி செய்தால் தொட்டி தானாகவே காலியாகும். தடையை மட்டும் போட்டால் வேலை அடுத்த தெருவுக்குப் போகும். அக்போக்புளோஷியை 2021-இல் இடித்துத் தள்ளிய பிறகும் தொழில் நின்றுவிடவில்லை, சிதறியது.

பெரிய ஆலை என்றாலே தூய்மை என்றும் எண்ணிவிட வேண்டாம். பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் உள்ள உருக்காலை 17 உலோகங்களை மீட்டெடுக்கும் ஆற்றலுள்ளது. அதன் அருகே வசித்த குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பது 2020-இல் தெரியவந்து பெரும் விவாதமானது. அங்கே அளப்பவர்கள் இருந்ததால் தெரியவந்தது. அளப்பவர் இல்லாத இடத்தில் அதுவும் தெரியாது.

உங்கள் முதல் ஐயத்துக்கும் இதிலேயே ஒரு பதில் இருக்கிறது. லாபமுள்ள பொருளைப் பற்றி நிறுவனத்திடம் கேட்காதீர்கள். லாபமில்லாததைப் பற்றிக் கேளுங்கள். குழாய்த் திரைக் கண்ணாடி யாரிடம் போகிறது, கடந்த ஆண்டு அவரிடம் எத்தனை டன் ஒப்படைத்தீர்கள், அதற்கு எவ்வளவு கட்டணம் செலுத்தினீர்கள் என்று கேளுங்கள். குழல் விளக்கின் பாதரசத்தை யார் பிடிக்கிறார்கள் என்று கேளுங்கள். உண்மையாகச் செய்பவரிடம் அந்தச் செலவுக்கான ரசீது இருக்கும். செய்யாதவர் பேச்சை மாற்றிச் செம்பைப் பற்றிப் பேசுவார். கருவிகளின் தொடர் எண்களைப் பட்டியலிட்டு ஒப்படையுங்கள், அவர்களுடைய இடத்தைச் சென்று பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பதில்: பழுதுநீக்குநர்

ஒரு படி விடுபட்டுவிட்டது. ஒப்படைப்பதற்கு முன் இயங்கக்கூடியவற்றைப் பிரித்துவிடுங்கள். ஒரு கணினி வாழ்நாளில் ஏற்படுத்தும் சுமையில் பெரும்பகுதி அதைத் தயாரிப்பதிலேயே ஏற்பட்டுவிடுகிறது என்பதால், இன்னும் சில ஆண்டுகள் ஓடும் கருவியை உருக்குவது எவ்வளவு தூய்மையான ஆலையில் நடந்தாலும் இழப்பே. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றும்படி வடிவமைக்க வேண்டும் என்ற விதி வருகிறது. கழிவுச் சட்டங்களிலேயே மிகுந்த பயன் தரப்போவது இத்தகைய விதிதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தரவு அழிப்பை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சுழலும் வட்டுள்ள சேமிப்பகத்தைப் பழைய தரவின்மேல் வேறு தரவை எழுதி முழுமையாக மேலெழுதினால் போதும். சுழலும் வட்டு இல்லாத எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகத்தில் மேலெழுதுதல் எல்லா இடத்தையும் எட்டாது. அதற்குள்ளேயே அமைந்த அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த வீங்கிய மடிக்கணினி பேட்டரிகளைக் கவனியுங்கள். அவை லித்தியம் அயனி வகை. உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கும், அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு இருக்கும். மற்றப் பொருட்களின் அடியில் அவை நசுங்கிக் கிடக்கவே கூடாது. எளிதில் கழன்று வருபவற்றை மட்டும் கழற்றி, முனைகளை நாடாவால் ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய உலோகக் கலனில், ஒன்றையொன்று தொடாதபடி வையுங்கள்; கலனைக் காற்றுப் புகாமல் இறுக மூட வேண்டாம். சிக்கிக்கொண்டவற்றை நெம்பாமல் மடிக்கணினியோடு சேர்த்துத் தனியே ஒதுக்கிவையுங்கள். ஈய அமில பேட்டரிகளை நிமிர்த்தி, அமிலம் சிந்தினால் தாங்கும் தட்டில் வைக்க வேண்டும். குழல் விளக்குகளை அட்டைப்பெட்டியில் உடையாமல் அடுக்குங்கள். நிர்வாகத்தின் முடிவு வர நாளாகலாம். இந்தப் பிரிப்பை அதற்குக் காத்திராமல் செய்துவிடுங்கள்.